பெயர் பழையது, ஆட்டம் புதியது: நீண்டகால வீடியோ கேம் தொடர்கள் உருமாறிய கதை

“இதுக்கு முன்ன வாங்கின பெட்டியிலயும் இதே பேருதானே போட்டிருந்துச்சு? மறுபடியும் எதுக்கு?”

பேரங்காடியில் உள்ள ஒரு கேம் கடையில் அம்மா தம்பியிடம் கேட்ட கேள்வி இது. பெட்டியின் விலை இருநூறு ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. தம்பி உதவிக்கு என்னைப் பார்த்தான். “அக்கா, நீங்களே சொல்லுங்க. பேருதான் அதே. கேம் வேற.”

அன்று என்னால் அம்மாவுக்குச் சரியாக விளக்க முடியவில்லை. கேள்வியும் நியாயமானதுதான். தோட்டத்து வீட்டிலும் தாமான் வீட்டிலும் பிள்ளைகளுக்கு கேம் வாங்கிக் கொடுக்கும் எந்தப் பெற்றோருக்கும் இது எழும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே பெயரில் வந்துகொண்டிருக்கும் விளையாட்டில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது? சில தொடர்களில் உண்மையிலேயே ஒன்றும் இருப்பதில்லை. வேறு சில தொடர்களோ பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருந்ததைக் கலைத்துப் போட்டு மீண்டும் கட்டியிருக்கின்றன. அப்படிக் கட்டிய சிலரைப் பற்றியும், கட்டப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

பழைய பெயரை நிறுவனங்கள் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பணம். பெரிய கேம் ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் நான்கைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு முதலீட்டை யாரும் கேள்விப்படாத பெயரில் போடுவதைவிட, ஏற்கனவே இலட்சக்கணக்கானோர் அறிந்த பெயரில் போடுவது பாதுகாப்பானது. ஆனால் தெரிந்த பெயரில் வந்தால் தெரிந்த விளையாட்டைத்தான் இரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள். அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவர்களே சலித்துப் போவார்கள். முழுவதுமாக மாற்றினால், “இது எங்கள் கேம் இல்லை” என்று கோபப்படுவார்கள்.

தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிவுகளோடு ஒத்துப்போய், பின்வந்தவன் தனக்குத் தேவையான வேறுபாடுகளையும் சேர்த்து, மரபு அழியாமல் செய்வது வழிநூல். கேம் நிறுவனங்கள் பவணந்தி முனிவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. என்றாலும் அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே இடத்தில்தான். எது முடிவு, எது வேறுபாடு?

செல்டா: வழிகாட்டியைத் துரத்திய கேம்

தம்பி கையில் வைத்திருந்தது ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ தொடரின் ஒரு கேம். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட தொடர் அது. பலரும் நினைப்பதுபோல் செல்டா என்பது கதாநாயகனின் பெயரல்ல. அது இளவரசியின் பெயர். வாளேந்திச் செல்லும் பையனின் பெயர் லிங்க்.

முதல் கேமை ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கினர். மியாமோட்டோ சிறுவயதில் கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். அங்கிருந்த குன்றுகளிலும் காடுகளிலும் தனியாகச் சுற்றித் திரிந்ததையும், ஒரு குகையைக் கண்டுபிடித்து விளக்கோடு உள்ளே நுழைந்ததையும் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த உணர்வைத்தான் அவர் கேமாக்கினார். ஆட்டம் தொடங்கியதும் ஒரு வெட்டவெளியில் நிற்போம். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் ஒரு குகை வாசல் தெரியும், அவ்வளவுதான்.

1998-இல் நிண்டெண்டோ 64 கருவிக்கு வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ இந்த உலகத்தை முப்பரிமாணத்துக்குக் கொண்டு வந்தது. இன்றும் உலகின் மிகச் சிறந்த கேம்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. பின்னால் வந்த சிக்கலுக்கு வித்திட்டதும் அதன் வெற்றிதான். அதன் வடிவம் ஒரு வாய்ப்பாடாக உறைந்து போனது. ஒரு நிலவறைக்குள் போக வேண்டும்; அங்கே ஒரு புதிய கருவி கிடைக்கும்; அந்தக் கருவியால்தான் அங்குள்ள பூதத்தைக் கொல்ல முடியும்; கொன்றால் அடுத்த நிலவறைக்கு வழி திறக்கும். அடுத்தடுத்து வந்த கேம்களில் ஓவியப் பாணி மாறியது, கதை மாறியது. இந்த வாய்ப்பாடு மட்டும் அசையவில்லை.

2011-இல் வந்த ‘ஸ்கைவர்ட் சுவோர்ட்’ காலத்தில் இரசிகர்களின் சலிப்பு வெளிப்படையாகவே தெரிந்தது. நன்றாகச் செய்யப்பட்ட கேம்தான். ஆனால் அதில் லிங்க்கோடு கூடவே வரும் ஃபி என்ற பாத்திரம், நமக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கையில் இருக்கும் ரிமோட்டில் பேட்டரி குறைந்தால்கூட அதுதான் வந்து அறிவிக்கும். வெட்டவெளியில் தனியாக விடப்பட்ட 1986-ஆம் ஆண்டு சிறுவன், 25 ஆண்டுகள் கழித்து டியூஷன் ஆசிரியரோடு காட்டுக்குள் போவதுபோல் ஆகிவிட்டான்.

2013-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தொடரின் தயாரிப்பாளர் எய்ஜி ஆவோனுமா, செல்டாவில் இயல்பாகிவிட்ட பழக்கங்களை மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்தார். நிலவறைகளை வரிசைப்படியே முடிக்க வேண்டும் என்ற விதியையும் அவற்றில் ஒன்றாகக் குறிப்பிட்டார். முதலில் அதே ஆண்டில் வந்த ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’ என்ற கையடக்கக் கேமில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் கருவிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு விரும்பிய வரிசையில் போகலாம். பெரிய மாற்றம் 2017 மார்ச் 3-ஆம் நாள் வந்தது. ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’.

அப்போது நிண்டெண்டோவின் நிலைமையையும் நினைவில் கொள்ள வேண்டும். 100 மில்லியனுக்கும் மேல் விற்ற ‘வீ’ கருவிக்கு அடுத்து வந்த ‘வீ யூ’, சுமார் 13.5 மில்லியன்தான் விற்றது. புதிய ‘சுவிட்ச்’ கருவி அறிமுகமான அதே நாளில் அதற்குத் துணையாக வந்த பெரிய கேம் இதுதான். முதலில் 2015-இல் வரும் என்றார்கள், பிறகு 2016 என்றார்கள், கடைசியில் 2017. கேம் சறுக்கியிருந்தால் கருவியும் தள்ளாடியிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நிறுவனம் பழைய வாய்ப்பாட்டைத்தான் இறுகப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் அதைத்தான் முதலில் உடைத்தார்கள்.

இயக்குநர் ஹிடேமாரோ ஃபுஜிபாயாஷியின் குழு, முப்பரிமாண உலகத்தைக் கட்டுவதற்கு முன்பு ஒரு சிறு இருபரிமாண மாதிரியைச் செய்தது. பார்ப்பதற்கு அசல் 1986-ஆம் ஆண்டு கேம் போலவே இருக்கும். ஆனால் அதில் மரத்தை வெட்டலாம். வெட்டிய கட்டையை ஆற்றில் தள்ளலாம். நெருப்பு அம்பு பட்டால் மரம் எரியும். 2017-இல் அமெரிக்காவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் இந்த மாதிரியை அவர்கள் காட்டியபோது அரங்கம் வியந்தது. புதுமையைத் தேடிப் போனவர்கள் 31 ஆண்டுக்கு முந்தைய முதல்நூலில்தான் போய் நின்றார்கள்.

அதே மாநாட்டில் அவர்கள் விளக்கிய இன்னொரு விஷயம், ‘வேதியியல் இயந்திரம்’ என்று அவர்கள் பெயரிட்ட மென்பொருள் அமைப்பு. அதன் விதிகள் மூன்றுதான். நெருப்பு, நீர், காற்று, மின்சாரம் போன்ற ஆற்றல்கள் பொருள்களின் நிலையை மாற்றும். ஓர் ஆற்றல் இன்னோர் ஆற்றலை மாற்றும். ஒரு பொருள் இன்னொரு பொருளின் நிலையைத் தானாக மாற்றாது. இந்த மூன்றிலிருந்து ஓர் உலகமே விளைகிறது. புல்லில் நெருப்பு வைத்தால் பரவும். அந்த நெருப்பின் மேல் வெப்பக் காற்று எழும்பும். அதில் பாராசூட் போன்ற துணியை விரித்தால் மேலே பறக்கலாம். இடிமழையில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் நம்மைத் தாக்கும். அந்த வாளையே எதிரிகளின் நடுவே வீசியெறிந்தால் மின்னல் அவர்கள்மேல் விழும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்துக் கத்துவார்கள். எங்கள் வீட்டில் பலமுறை கேட்ட சத்தம் அது.

எந்த மலையிலும் ஏறலாம், மழை பெய்தால் மட்டும் வழுக்கும். தொடக்கப் பீடபூமியில் சில அடிப்படைகளைக் கற்ற பிறகு, வேறெதையும் செய்யாமல் நேராக அரண்மனைக்குப் போய்க் கடைசி எதிரியோடு மோதலாம். பெரும்பாலும் செத்துத்தான் போவோம். ஆனாலும் போகலாம். உலகத்தின் பரப்பளவைத் தீர்மானிக்க, இயக்குநர் தமக்குப் பழக்கமான கியோட்டோ நகரின் வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தாராம். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நடக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று கால்களுக்குத் தெரிந்த கணக்கு அது.

குறை இல்லாமல் இல்லை. வாள்கள் பத்து இருபது அடியில் உடைந்து போவது பலருக்கு இன்றும் எரிச்சல். பழைய பெரிய நிலவறைகளுக்குப் பதிலாக வந்த 120 சிறு கோயில்கள் ஒரே சாயலில் இருக்கின்றன. இந்தக் குறை நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் சுவிட்ச் கருவியில் மட்டும் 30 மில்லியனுக்கு மேல் விற்று, தொடரின் முந்தைய எல்லாக் கேம்களையும் வெகுதூரம் பின்தள்ளியது. 2023 மே மாதம் வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ மூன்றே நாளில் 10 மில்லியன் விற்றது. 2024-இல் வந்த ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ கேமில் இளவரசி செல்டாவே கதாநாயகி. பெயரும் ஆளும் பொருந்துவதற்கு 38 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ரெசிடென்ட் ஈவில்: இரண்டு முறை தோல் உரித்த பாம்பு

செல்டா ஒருமுறை பெரிதாக மாறியது. கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில்’ தொடரோ இரண்டு முறை.

1996-இல் ஷின்ஜி மிக்காமியின் இயக்கத்தில் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் கேமில் கேமரா அறையின் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். அந்தக் காலத்துக் கருவியின் திறன் குறைவு. எனவே பின்னணிகளை முன்கூட்டியே வரைந்த படங்களாக வைத்திருந்தார்கள், கேமராவை நகர்த்த வழியில்லை. அந்தப் பற்றாக்குறைதான் பயத்தைக் கொடுத்தது. வளைவுக்கு அப்பால் ஏதோ முனகும் சத்தம் கேட்கும், ஆனால் பார்க்க முடியாது. விளையாட்டைச் சேமிக்கக்கூட ஒரு தட்டச்சு இயந்திரத்தைத் தேடி, கையில் மை நாடா இருந்தால்தான் சேமிக்கலாம்.

நான்காம் பாகத்தை உருவாக்கப் பல முயற்சிகள் நடந்து கைவிடப்பட்டன. அவற்றுள் ஒன்று ரெசிடென்ட் ஈவிலாகத் தோன்றாமல் வேறு திசையில் போய்விட்டதால், ‘டெவில் மே கிரை’ என்ற தனித் தொடராகவே 2001-இல் வெளிவந்தது. கடைசியில் மிக்காமி மீண்டும் பொறுப்பேற்று 2005-இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில் 4’, கேமராவை மூலையிலிருந்து எடுத்து நாயகனின் தோளுக்குப் பின்னால் வைத்தது. கேட்பதற்குச் சின்ன மாற்றம். அதன்பிறகு வந்த எண்ணற்ற துப்பாக்கி விளையாட்டுகள் இதே தோள் கேமராவைப் பின்பற்றின. என் வயதுக்காரர்கள் பலருக்கு, பாசார் மாலாமில் வாங்கிய சிடியோடு உறவினர் வீட்டு பிளேஸ்டேஷன் 2 முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த நினைவு இருக்கும்.

வெற்றி மறுபடியும் வாய்ப்பாடாகியது. துப்பாக்கி, வெடிகுண்டு, துரத்தல் என்று ஒவ்வொரு பாகமும் பெரிதாகிக்கொண்டே போய், 2012-இல் வந்த ஆறாம் பாகம் பயத்தையே மறந்துபோன படமாக நின்றது. பல நாயகர்கள், பல கண்டங்கள், ஒரே இரைச்சல். நன்றாகத்தான் விற்றது. ஆனால் விமர்சகர்களும் பழைய இரசிகர்களும் முகம் சுளித்தார்கள்.

2017 ஜனவரியில் வந்த ஏழாம் பாகம் எல்லாவற்றையும் சுருக்கியது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு பழைய வீடு. அதில் ஒரு குடும்பம். காணாமல் போன மனைவியைத் தேடி வந்த ஒரு சாதாரண மனிதன். கேமரா இப்போது தோளையும் விட்டு அவன் கண்ணுக்கே போய்விட்டது. முதல்முறையாக முதன்மைத் தொடரில் எல்லாமே அவன் பார்வையில். வடிவத்தைப் பார்த்தால் முற்றிலும் வேறு கேம். ஆனால் பூட்டிய கதவுகள், ஒளித்து வைத்த சாவிகள், காயத்துக்குப் பச்சிலை, குறைந்த தோட்டாக்கள் எல்லாம் 1996-இல் இருந்தவையே. தட்டச்சு இயந்திரம் இருந்த இடத்தில் கேசட் ரெக்கார்டர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழில்நுட்ப வசதி குறைவாக இருந்த காலத்தில் தற்செயலாகக் கிடைத்த பயத்தை, எல்லா வசதியும் வந்த பிறகு வேண்டுமென்றே வசதிகளைக் குறைத்துத்தான் மீட்க முடிந்தது. எட்டிப் பார்க்க முடியாத மூலைதான் அந்தத் தொடரின் உயிர் என்பதைக் கண்டறிய கேப்காமுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

கிரேட்டோஸுக்கு ஒரு மகன்

சோனியின் சாந்தா மோனிக்கா ஸ்டூடியோ 2005-இல் தொடங்கிய ‘காட் ஆஃப் வார்’ தொடரில், கிரேட்டோஸ் என்பவன் கிரேக்கத் தெய்வங்களை ஒவ்வொருவராகக் கொன்று குவித்தான். கோபத்தைத் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை. கொல்ல ஆளில்லாமல் போனபோது தொடரும் ஓய்ந்தது.

இரண்டாம் பாகத்தை இயக்கிய கோரி பார்லாக் இடையில் ஸ்டூடியோவை விட்டுப் போய்த் திரும்பி வந்தார். அதற்குள் தாமும் தந்தையாகியிருந்தார். 2018 ஏப்ரலில் அவர் இயக்கத்தில் வந்த கேமில் கிரேட்டோஸ் முதிர்ந்த மனிதன். வட ஐரோப்பிய நாடுகளின் புராண உலகத்தில் மனைவியை இழந்து, அட்ரியஸ் என்ற மகனோடு வாழ்கிறான். மனைவியின் சாம்பலை மிக உயர்ந்த சிகரத்தில் தூவப் போகும் பயணம்தான் கதை. முழுக் கதையும் ஒருமுறைகூட வெட்டப்படாத ஒரே கேமரா ஓட்டமாக நகர்கிறது. ஒரு கட்டத்தில் மகனின் தோள்மேல் கை வைக்கப் போய், வைக்காமல் கையை இழுத்துக்கொள்கிறான் தந்தை. தோட்டப்புறத்தில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு அந்தத் தந்தையைத் தெரிந்திருக்கும்.

பழைய கேம்களில் அவன் கைகளில் சங்கிலியால் பிணைந்திருந்த வாள்களுக்குப் பதிலாக இதில் கோடரி. வாள்களை வீட்டுத் தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். (இனி விளையாடப் போகிறவர்கள் அடுத்த வரியைத் தவிர்க்கலாம்.) மகனைக் காப்பாற்ற ஒரு கட்டத்தில் அவற்றைத் தோண்டியெடுக்க வேண்டி வருகிறது. பழைய கேம்களில் நாம் கைதட்டி இரசித்த கொலைகளை அவன் வெட்கத்தோடு சுமக்கிறான் என்று அங்கே புரியும். முந்தைய பாகங்களை மறைக்காமல், அவற்றையே புதிய கதையின் பாரமாக்கியது இந்தப் படைப்பின் துணிச்சல்.

எல்லாருக்கும் வாய்க்கவில்லை

மேலே சொன்ன ‘டெவில் மே கிரை’ தொடரையே கேப்காம் 2013-இல் இங்கிலாந்தின் நிஞ்ஜா தியரி ஸ்டூடியோவிடம் கொடுத்துப் புதிதாக்கியது. வெள்ளை முடி நாயகன் டான்டே கறுப்பு முடியோடு, வேறு குணத்தோடு வந்தான். கேம் மோசமில்லை, மதிப்புரைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் இரசிகர்கள் ஏற்கவில்லை. 2019-இல் வந்த ஐந்தாம் பாகம் பழைய டான்டேவிடமே திரும்பியது. கிரேட்டோஸ் மாறினான், ஏனென்றால் அவனுக்கு வயதாகியிருந்தது. டான்டே மாற்றி வைக்கப்பட்டான். இரண்டும் ஒன்றல்ல என்று இரசிகர்கள் உடனே கண்டுகொண்டார்கள்.

தோற்றுப் போனதையே திருத்தி எழுதியவர்களும் உண்டு. 2010 செப்டம்பரில் இணைய விளையாட்டாக வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ படுதோல்வி. நிறுவனம் சந்தாக் கட்டணம் வாங்குவதையே ஓராண்டுக்கும் மேல் நிறுத்தி வைத்தது. பொறுப்பேற்ற நாவோகி யோஷிடா, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கேமைச் சீர்படுத்திக்கொண்டே மறுபுறம் புதிதாக இன்னொன்றை எழுதினார். பழையதை வெறுமனே மூடவில்லை. கதைக்குள்ளேயே ஒரு நிலா மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 2012 நவம்பரில் அது உலகத்தின்மேல் விழ, அதோடு கேம் அணைந்தது. 2013 ஆகஸ்டில் திறந்த புதிய கேம், அந்த அழிவுக்குப் பிந்தைய காலத்தில் தொடங்குகிறது. தோல்வியைக்கூட கதையாக்கிக்கொண்ட அந்த விளையாட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டுக் கைகளும்

இது ஜப்பான், அமெரிக்கா விவகாரம் மட்டுமல்ல. 1990-களில் கணினியில் பலர் விளையாடிய ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ போர் விளையாட்டு 2020-இல் மெருகேற்றப்பட்டு மீண்டும் வந்தபோது, அதன் காட்சிகளைப் புதிதாக உருவாக்கியவர்களில் சிலாங்கூரைத் தளமாகக் கொண்ட லெமன் ஸ்கை ஸ்டூடியோஸ் குழுவினரும் அடங்குவர். இது மறுகற்பனை அல்ல, பழைய ஓவியத்தின் தூசு தட்டும் வேலை; விதிகள் மாறவில்லை, படங்கள் மட்டும் தெளிவாயின. ஆனால் கணினி வரைகலை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, திரையின் பின்னால் வரும் பெயர்ப் பட்டியலில் மலேசியப் பெயர்களும் ஓடுகின்றன என்று தெரிந்திருப்பது நல்லது.

பெற்றோருக்கு இரண்டு குறிப்புகள். கடையில் பெட்டியின் முன்புறத்தில் உள்ள வயது அடையாளத்தைப் பாருங்கள். ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கானது. ‘ரெசிடென்ட் ஈவில்’, ‘காட் ஆஃப் வார்’ இரண்டும் பெரியவர்களுக்கானவை. தொடக்கப்பள்ளிப் பிள்ளை கேட்டால் வாங்கித் தர வேண்டாம். அடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ‘ரீமாஸ்டர்’ என்றிருந்தால் பழைய கேம்தான், படம் மட்டும் தெளிவு. ‘ரீமேக்’ என்றிருந்தால் பழைய கதையை அடியிலிருந்து மீண்டும் செய்திருக்கிறார்கள். 2019-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 2’ அப்படிப்பட்டது. இரண்டும் இல்லாமல் புதிய துணைத்தலைப்போ புதிய எண்ணோ இருந்தால், பிள்ளையிடமே கேளுங்கள். இதில் என்ன மாறியிருக்கிறது என்று அவன் விளக்க முடிந்தால், ஏற்கனவே அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறான் என்று பொருள்.

அம்மா அன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். தம்பி கடைசி எதிரியை இன்னும் பார்க்கவில்லை. அரண்மனை தெரியும் பக்கம் போகாமல், எதிர்த்திசையில் ஒரு மலையைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கிறான். மழை பெய்ததால் பாதியில் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து காத்திருந்தான். பக்கத்தில் அம்மா. “மழை விட்டுச்சா?” என்று கேட்டார்.